பழைய மைப்பேனாவைச் சரிசெய்யும்போது செய்யக்கூடாதவை

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆனாலும் சிங்கப்பூரில் பழைய மைப்பேனாக்களுக்குப் பஞ்சமில்லை. கிராணியாகவோ ஆசிரியராகவோ இருந்த தாத்தாவின் பேனா, வீடு மாறும்போது ஏதோ ஒரு பெட்டியிலிருந்து வெளியே வரும். எழுதவில்லை என்றதும் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் உள்ளே மை காய்ந்து அடைத்திருக்கும், அவ்வளவுதான். அதை உண்மையிலேயே கெடுப்பது நம்முடைய அவசரம்.

கையில் எடுத்ததும் லீவரை இழுத்துப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் லீவர் உள்ள பேனாக்களில் மை நிற்பது ஒரு ரப்பர் பையில். காலப்போக்கில் அது கல்லாக இறுகியிருக்கும், அல்லது பிசுபிசுத்து உள்சுவரில் ஒட்டியிருக்கும். இழுத்தால் லீவர் முறியும், அல்லது உள்ளிருக்கும் கம்பி வளையும். பேனாவை மெல்ல ஆட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்டால் பை உதிர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புதுப் பை போட வேண்டும்.

அதற்கு நிப் இருக்கும் கழுத்துப் பகுதியைக் கழற்றியாக வேண்டும். அதிகம் பேனாக்கள் உடைவது இங்கேதான். குறட்டால் பிடித்து முறுக்கவே கூடாது. பல பேனாக்களில் அந்த இணைப்பை அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். மிதமான சூட்டில் அரக்கு இளகும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, பேனாவைச் சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். விரல் தாங்காத சூடு பேனாவுக்கும் ஆகாது. பழைய பேனாக்கள் பலவற்றின் உடல் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். அது சட்டெனத் தீப்பற்றும். லைட்டர், மெழுகுவத்தி பக்கமே போகாதீர்கள். சில கழுத்துகள் நேராக உருவி வரும், சில திருகு. எது என்று தெரியாமல் பலம் காட்டக்கூடாது. திரும்பப் பூட்டும்போதும் அரக்குதான். சூப்பர் குளூ போட்டால் அடுத்த முறை அதைத் திறக்க வழியே இருக்காது.

பார்க்கர் 51 என்ற பேனாவின் கதை வேறு. 1948 முதல் வந்த வகையில் உலோக உறைக்குள் இருக்கும் பை ரப்பர் அல்ல. இன்றும் பல பேனாக்களில் அது நன்றாகவே இருக்கிறது. அந்த உறையைப் பிடுங்குவதுதான் பெரிய தவறு. நிப் முனையைச் சாதாரணத் தண்ணீரில் வைத்து, உறையிலுள்ள பட்டையை அழுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். முதலில் ஒன்றும் வராது. அப்புறம் கருநீலமாக நூல்நூலாக மை இறங்கும். தண்ணீர் தெளியும்வரை செய்யுங்கள், இரண்டு மூன்று நாள் ஆனாலும் சரி.

அடைப்பு விடவில்லை என்று சுடுதண்ணீருக்கோ ஸ்பிரிட்டுக்கோ தாவிவிடாதீர்கள். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் வெடிப்பு விழும், செல்லுலாய்டு கரையும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். எபோனைட், அதாவது இறுகிய ரப்பரால் செய்த பேனா என்றால் இன்னும் கவனம்: கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். அதை முழுவதும் ஊறப்போட்டால் கறுப்பு நிறம் பழுப்பும் பச்சையுமாக மாறிவிடும். நிப் நனையும் அளவுக்குத் தண்ணீர் வைத்தால் போதும்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் சீனத் தூரிகை எழுத்துக்கான கறுப்பு மை அழகான புட்டிகளில் கண்ணில் படும். அதையோ இந்தியன் இங்க்கையோ பேனாவில் ஊற்றாதீர்கள். கரித்தூளும் பசையும் கலந்த மை காய்ந்தால் எந்தத் தண்ணீருக்கும் இளகாது. மைப்பேனாவுக்கென்றே விற்கும் சாதாரண நீல மையில் தொடங்குங்கள்.

பளபளப்பாக்குகிறேன் என்று பேனாவின் உடலை அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. தாத்தாவின் பெயர் பொறித்திருந்தால் அதுவும் சேர்ந்து அழியும். கிளிப்பின் தங்க முலாமும் போகும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கடைசியாக நிப். கீறுகிறது என்றதும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் பூதக்கண்ணாடி வைத்து முனையைப் பாருங்கள். பெரும்பாலும் பிளவின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக நிற்கும். உயர்ந்து நிற்கும் பக்கத்தை நகத்தால் மெல்ல அழுத்தினால் சமமாகிவிடும். முனையிலுள்ள கடின உலோகமே தேய்ந்து போயிருந்தால் நீங்கள் கை வைக்காமல் நிப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.