வன்னிக்கு வந்து கார் எடுப்பவர்களுக்கு: கிரெடிட் கார்ட் காப்புறுதி எப்போது செல்லும், எப்போது செல்லாது

ஆடி, ஆவணி வந்தால் கனடாவில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் வரும் சொந்தங்களால் கிளிநொச்சி நிறைந்துவிடும். முன்பெல்லாம் கட்டுநாயக்காவில் வான் பிடித்து வருவார்கள். இப்போது நிறையப் பேர் கொழும்பிலேயே கார் வாடகைக்கு எடுத்து, தாங்களே ஏ9 வீதியால் ஓடி வருகிறார்கள். வந்து இறங்கியதும் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்சூரன்சுக்கு மேலதிகமாக் காசு கேட்டவங்கள், நான் வேண்டாமெண்டிட்டன், என்ர கார்ட்டில இருக்குத்தானே." இருக்கலாம். ஆனால் அது எதற்குச் செல்லும், என்ன செய்தால் செல்லாமல் போகும் என்று கேட்டால் பதில் வராது. போன வருடம் எங்கள் வீட்டிலேயே பட்டுவிட்டோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இதை மனதில் வையுங்கள். கார்ட்டில் உள்ள காப்புறுதி நீங்கள் எடுத்த காருக்கு மட்டும்தான். அது அடிபட்டால் திருத்தும் செலவு, களவு போனால் அதன் பெறுமதி, அவ்வளவுதான். சைக்கிளில் வந்தவரை இடித்துவிட்டால் அவருடைய ஆஸ்பத்திரிச் செலவை அது தராது, மற்றவரின் மதில் இடிந்தாலும் தராது, உங்கள் கால் முறிந்தாலும் தராது. மற்றவருக்கு வரும் பாதிப்புக்கு வாகனத்தின் சொந்தக் காப்புறுதிதான் நிற்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் இலங்கையில் வாகனம் ஓட்டவே முடியாது, அது சட்டம். ஆகவே திறப்பை வாங்குவதற்கு முன்னம் காப்புறுதிச் சான்றிதழையும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு, திகதி முடியாமல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். உங்கள் உடம்புக்குப் பயணக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும்.

விமானம் ஏறுவதற்கு முன்னம் கார்ட்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்கு அழையுங்கள். வாய்ப் பேச்சோடு விடாமல், காப்புறுதிப் பத்திரத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். இலங்கை அதில் சேருமா, எத்தனை நாள், என்ன வாகனம், இந்த மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். கனடா கார்ட்களில் பெரும்பாலும் தொடர்ந்து 48 நாள் வரை விடுவார்கள், அமெரிக்காவின் விசா கார்ட்கள் பலவற்றில் வெளிநாட்டில் 31 நாள். கூடுதலான நாளுக்கு எடுத்தால் மிச்ச நாளுக்குத்தானே இல்லை என்று நினைக்காதீர்கள், சில கார்ட்களில் முதல் நாளில் இருந்தே செல்லாது. லண்டனில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு விஷயம்: அங்குள்ள கார்ட்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது, சேதத்தில் உங்கள் பொறுப்பாக வரும் முதல் தொகையைத் தரும் எக்செஸ் காப்புறுதி என்று தனியாக வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

வாகன விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். அம்மம்மா, சித்தப்பா, பிள்ளைகள் என்று பத்துப் பேர் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போக கேடிஎச் என்ற பெரிய வான் எடுப்பார்கள். எட்டு ஒன்பது பேருக்கு மேல் ஏறும் வானைப் பல கார்ட்கள் ஏற்பதில்லை. டபுள் கப்பும் அப்படித்தான், பிக்கப் வகை பெரும்பாலும் விலக்கு. மோட்டார் சைக்கிள் கேட்கவே வேண்டாம். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போவது பிரச்சினை இல்லை, அது தார் வீதி. ஆனால் பாதை இல்லாத இடத்தில், குளக்கட்டிலும் காட்டுத் தடத்திலும் ஓட்டினால் அதை வீதிக்கு வெளியே ஓட்டியதாக எடுத்துக்கொண்டு கைவிரிப்பார்கள். கிறவல் வீதியில் ஓடலாமா என்பதையும் அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், எங்கள் பக்கம் அதைத் தவிர்க்க முடியாது.

தெரிந்த பெடியனிடம் கைக்காசு கொடுத்து எடுக்கும் காருக்குக் கார்ட் எதுவும் செய்யாது. பதிவு பெற்ற வாடகைக் கம்பனி, கையெழுத்திட்ட ஒப்பந்தம், ரசீது, இவை மூன்றும் வேண்டும். தவிர, அந்தப் பெடியன் வீட்டுப் பாவனைக்கு என்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட நேரத்தில் செல்லாமல் போகக்கூடும். அப்போது மற்றவருக்கு வரும் பாதிப்பும் உங்கள் தலையில்தான். சாரதியோடு எடுத்தால் இந்தக் கவலை ஒன்றும் இல்லை, ஓட்டுவது நீங்கள் இல்லையே. இரவில் ஓடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இனி எங்கள் கதை. டொரன்டோவில் இருந்து வந்த பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, கொழும்பில் நல்ல கம்பனியில்தான் கார் எடுத்தார். பொழுதுபட்ட நேரம், கனகராயன்குளம் தாண்டி வரும்போது மாடுகள் கூட்டமாக வீதியைக் கடக்க, பிரேக் அடித்து இடப்பக்கம் வெட்டினதில் மதகுக் கட்டில் மோதிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது இடப்பக்க ஹெட்லைட் பொடியாகிக் கிடந்தது, பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது, பக்கத்துக் கடைக்காரர் நைலோன் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொண்டு நின்றார். அண்ணா படம் எடுத்தார், பொலிஸ் முறைப்பாடு போட்டார், கார்ட்காரருக்கு அன்று இரவே அழைத்தார், எல்லாம் சரி. ஆனால் முற்பணத்தைக் கார்ட்டில் கட்டிவிட்டு, மிச்சத்தை ரூபாவாகக் கைக்காசு கொடுத்தால் கழிவு தருகிறோம் என்று கம்பனி சொன்னதால் காசாகக் கொடுத்திருந்தார். முழு வாடகையும் கார்ட்டில் கட்டப்படவில்லை என்று கார்ட்காரர் ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். திருத்தக்காசு கம்பனியில் கட்டியிருந்த வைப்புப் பணத்தில் இருந்து போனது. கழிவாகக் கிடைத்தது ஒரு நாள் வாடகைகூட வராது.

ஆகவே முழு வாடகையையும் அந்த ஒரே கார்ட்டிலேயே கட்டுங்கள். கார்ட் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் முதல் சாரதி, மனைவியின் கார்ட்டில் கட்டிக் கணவர் பெயரில் எடுக்கக் கூடாது. டெபிட் கார்ட் வேண்டாம்.

கம்பனி தனியாக விற்கும் சேதப் பாதுகாப்பை வாங்கினால் கார்ட் காப்புறுதி பெரும்பாலும் விலகிவிடும், இரண்டில் ஒன்றுதான். இங்கே பல கம்பனிகள் காப்புறுதியை வாடகைக்குள்ளேயே சேர்த்துவிட்டு, முதல் இவ்வளவு ரூபா உங்கள் பொறுப்பு என்று எழுதும். அந்தத் தொகையைக் கார்ட் தருமா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அனுமதிப்பத்திரம் சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கே உறுதிப்படுத்த வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்த பிறகு "மச்சான், இனி நான் கொஞ்சம் ஓடுறன்" என்று இடம் மாறுவது எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தோடு காப்புறுதி போய்விடும்.

காரை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். கீறல், ரிம், முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம், ஓடிய கிலோமீட்டர், எல்லாம் வரட்டும்.

அடிபட்டுவிட்டால் முதலில் ஆட்கள்: 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிசுக்கு 119. அடுத்து வாடகைக் கம்பனிக்கு அழையுங்கள், வாகனக் காப்புறுதிக்காரரை அவர்கள்தான் அந்த இடத்துக்கு வரவழைப்பார்கள். அவசரப்பட்டு வீதியில் காசு கொடுத்து முடிக்காதீர்கள், எதிலும் கையெழுத்தும் வைக்காதீர்கள். அன்றே கார்ட்காரருக்குச் சொல்லிவிடுங்கள். சில கனடா கார்ட்கள் 48 மணித்தியாலத்துக்குள் கேட்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும், அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டே விமானம் ஏறுங்கள், அங்கே போய்த் தேடுவது பெரிய அலைச்சல்.

பெரும்பாலும் கம்பனிக்கு நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் கார்ட்டிடம் திரும்பக் கேட்க வேண்டிவரும். ஒப்பந்தம், கார்ட் கணக்கறிக்கை, படங்கள், திருத்த மதிப்பீடு, கடைசிப் பில், எல்லாவற்றையும் கேட்பார்கள். கார் கராஜில் நின்ற நாட்களுக்கு வாடகை கேட்டால், அந்த நாட்களில் மற்றக் கார்களும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன, அதனால் கம்பனிக்கு உண்மையிலேயே வருமானம் போனது என்பதற்குக் கம்பனியிடம் எழுத்து வாங்குங்கள், அது இல்லாமல் அந்தப் பகுதியைக் கார்ட்காரர் கொடுப்பது கஷ்டம்.