சஸ்பென்ஷன் டிராவல்: ஃப்ரீரைடு, டௌன்ஹில் சைக்கிள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர் விவர அட்டையில் முதலில் தேடுவது டிராவல் என்ற எண்ணைத்தான். அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உறுப்புகளான முன்பக்க ஃபோர்க்கோ பின்பக்க ஷாக்கோ முழுவதும் அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு தூரம் நகரும் என்பதை அது மில்லிமீட்டரில் சொல்கிறது. மலையிறக்கப் பந்தயத்துக்கான டௌன்ஹில் சைக்கிள்களில் இன்று அது முன்னும் பின்னும் 200 மி.மீ. அளவில் இருக்கிறது, தாவல்களும் வித்தைகளுமாக இறங்கும் ஃப்ரீரைடுக்கும், லிஃப்டில் ஏறிச் சைக்கிளில் இறங்கும் பைக் பார்க்குக்கும் செய்யப்படுபவற்றில் பெரும்பாலும் 160 முதல் 180 வரை இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிகம் போனால் இரண்டு விரல் அகலம்தான். ஆனாலும், அந்த எண்ணைச் சைக்கிளின் வலிமைக்கோ ஓட்டுபவரின் துணிச்சலுக்கோ கொடுக்கப்பட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதால், பலர் தங்கள் மலைக்குப் பொருந்தாத சைக்கிளைப் பெரும் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள்.

கூடுதல் டிராவல் என்றாலே மேலானது என்ற எண்ணம்தான் இவற்றில் மிகப் பழைய தவறு. சைக்கிள் தயாரிப்பாளர்களே ஒரு காலத்தில் அதை நம்பினார்கள். 1989-இல் வந்த ராக்ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க்கின் டிராவல் ஏறத்தாழ 50 மி.மீ. மட்டுமே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் டௌன்ஹில் பட்டத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டு ஓட்டியது ராக்ஷாக்ஸ் ஃபோர்க் பூட்டிய சைக்கிளைத்தான். அதன் பிறகு எண்கள் ஏறிக்கொண்டே போயின. 2000-களின் தொடக்கத்தில் மர்சோக்கி நிறுவனம் 300 மி.மீ. டிராவல் கொண்ட சூப்பர் மான்ஸ்டர் ஃபோர்க்கை விற்பனைக்கே கொண்டுவந்தது. சாண்டா க்ரூஸ் நிறுவனத்தின் வி10 என்ற சைக்கிளின் பெயரில் இருக்கும் பத்து, அதன் பின்சக்கரம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ., நகரும் என்பதைக் குறித்தது. பெயர் இன்றும் அதேதான். டிராவல் மட்டும் 8 அங்குலத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த இறக்கத்துக்குக் காரணம் தெளிவானது. டிராவல் கூடக் கூட சைக்கிளின் உயரமும் எடையும் கூடுகின்றன. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஆழமாகத் தாழ்கிறது. அப்படித் தாழும்போது ஸ்டீரிங் கோணம் செங்குத்தாகி, நிதானம் மிக அவசியப்படும் செங்குத்துச் சரிவில் சைக்கிள் பதற்றமாக நடந்துகொள்கிறது. வளைவில் ஓட்டுபவர் கால்களால் அழுத்தும் விசையில் ஒரு பகுதி தரைக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்குள் போகிறது. மேடுபள்ளத்தை விழுங்குவதில் கிடைக்கும் ஆதாயத்தை இந்த இழப்புகள் மிஞ்சிவிடும் எல்லை 200 மி.மீ.க்கு அருகில் இருக்கிறது என்பதை, நொடியின் பின்னங்களில் வெற்றி தோல்வி முடிவாகும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் பல ஆண்டுகளில் நிறுவிவிட்டன.

அடுத்த தவறு, குதிக்க விரும்பும் உயரத்தைக் கொண்டு டிராவலை முடிவுசெய்வது. “இரண்டு மீட்டர் டிராப் குதிக்கப் போகிறேன், ஆகவே 200 வேண்டும்” என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழும் ஒருவரை 200 மி.மீ. தூரத்துக்குள் நிறுத்த வேண்டுமானால், சராசரியாக அவருடைய எடையைப்போல் 11 மடங்கு விசை வேண்டும்; 180 மி.மீ. என்றால் 12 மடங்கு. ஆனால் யாரும் கட்டையாக நின்றுகொண்டு தரையிறங்குவதில்லை. முழங்காலும் முழங்கையும் மடங்குவதால் இன்னும் 400 மி.மீ. கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் விசை 4.3 மடங்காகவும் இரண்டாவதில் 4.4 மடங்காகவும் குறைகிறது. அதாவது, சைக்கிளில் இருக்கும் சஸ்பென்ஷனைவிட உடம்பில் இருக்கும் சஸ்பென்ஷன் நீளமானது. கூடுதலாக வாங்கிய 20 மி.மீ. செய்யும் உதவி அற்பமானது.

தரையிறங்கும் இடத்தின் சரிவோ இதைவிடப் பன்மடங்கு முக்கியமானது. அதே இரண்டு மீட்டர் வீழ்ச்சியை, மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ. வேகத்தில் முன்னோக்கிச் சென்றபடி, 30 டிகிரி சரிவில் இறங்கினால், தரைக்குச் செங்குத்தாக விழும் அடி ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்திலிருந்து சமதளத்தில் விழுந்ததற்குச் சமமாகிவிடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வர்ஜின் என்ற சிற்றூருக்கு அருகே 2001-இல் தொடங்கிய ரெட் புல் ரேம்பேஜ் போட்டியில், வீரர்கள் தங்கள் குழுவினருடன் மண்வெட்டியும் கையுமாக நாள்கணக்கில் இறங்குதளங்களைச் செதுக்குவது இதற்காகத்தான். அங்கே டௌன்ஹில் சைக்கிள்கள் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றின் ஸ்பிரிங்குகள் பந்தயச் சைக்கிளில் இருப்பதைவிட மிகக் கடினமாக அமைக்கப்பட்டிருக்கும். படத்தைப் பார்த்து டிராவலை மட்டும் நகலெடுப்பவர் பாதியைத்தான் நகலெடுக்கிறார்.

உண்மையில் நீண்ட டிராவல் தன் மதிப்பைக் காட்டும் இடம் பெரிய தாவல் அன்று, இடைவிடாத கரடுமுரடு. இத்தாலியின் வால் டி சோலே போன்ற பாதையில் வேரும் கல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, முதல் அடியிலிருந்து மீள்வதற்குள் இரண்டாவது அடி விழுகிறது. சக்கரம் மேலேறுவதற்கு மட்டுமின்றி, குழியைத் தேடிக் கீழிறங்குவதற்கும் இடம் வேண்டும். ஓட்டுபவர் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் தானாகச் சற்று அமிழுமாறு வைக்கப்படுவது அதனால்தான். டௌன்ஹில் சைக்கிளின் பின்பக்கத்தில் இந்த அமிழ்வு வழக்கமாக 30 சதவீதம், 200 மி.மீ.யில் அது 60. அந்த 60 மி.மீ. இருப்பதால் பள்ளம் வரும்போதும் டயர் தரையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கனடாவின் விஸ்லர் பார்க்கில் உள்ள ஏ-லைனைப் போல் மண்ணைக் குவித்து மழமழப்பாகச் செதுக்கிய தாவல் பாதைகளில் நிலைமை நேர்மாறானது. தாவுமேட்டின் விளிம்பில் கால்களால் அழுத்தி எழும்ப முயலும்போது, நீண்ட மென்மையான சஸ்பென்ஷன் அந்த உந்துதலை விழுங்கிவிடுகிறது. ஓட்டுபவர் குறைந்த உயரத்தில் பறந்து, எதிர்ச் சரிவை எட்டாமல் அதன் முனையில் மோத நேரிடுகிறது. செதுக்கிய தாவுமேடுகளில் வித்தை காட்டும் ஸ்லோப்ஸ்டைல் வீரர்கள் நம்மில் பெரும்பாலோர் அருகில் செல்லவே அஞ்சும் தாவல்களை முன்பக்கம் 100 மி.மீ. ஃபோர்க்கோடு கடக்கிறார்கள். ஆகவே பார்க்குக்குச் செல்பவர், தம் நாளின் பெரும்பகுதியை அங்கே எந்தப் பாதையில் கழிப்பார் என்பதை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். தாவல் பாதைகளே பிரியமானவை என்றால் 160 அல்லது 170 போதும். ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும், கடினமானது என்று கறுப்பு வைரக் குறியிட்ட பாதைக்காக மற்ற எல்லா நாள்களிலும் 200-ஐச் சுமப்பது வீண் என்பதே என் கருத்து.

மேலே எப்படிப் போகிறோம் என்பதை மறப்பது இதனோடு ஒட்டிய தவறு. முழுமையான டௌன்ஹில் சைக்கிள், நாற்காலி லிஃப்டோ வண்டியோ மேலே கொண்டுசேர்க்கும் என்ற அனுமானத்தில் வடிவமைக்கப்படுவது. அதன் இருக்கை தாழ்வாகவே இருக்கும். உட்கார்ந்து மிதிக்கும் உயரத்துக்கு அதை ஏற்றவே முடியாமலும் இருக்கலாம். பின்பக்கப் பல்சக்கரங்கள் பல சைக்கிள்களில் ஏழே ஏழு. ஏற்றத்துக்கான பெரிய பல் இராது. மிதித்தே ஏற வேண்டிய மலையில் இருப்பவருக்கு, இருக்கையைப் பொத்தானால் ஏற்றி இறக்கக்கூடிய, 170 மி.மீ. அளவிலான சைக்கிள் ஒரு நாளில் கூடுதலான இறக்கங்களைத் தரும்.

மேற்கண்டவை வாங்கும்போது நிகழ்பவை. வாங்கிய பின், இருக்கும் சைக்கிளின் டிராவலைக் கூட்ட முனைவதில் நிகழும் தவறுகள் அதிகச் செலவும் சில வேளைகளில் ஆபத்தும் கொண்டவை. 160 மி.மீ.க்கு வடிவமைத்த ஃபிரேமில் 180 மி.மீ. ஃபோர்க்கைப் பூட்டினால் முன்பக்கம் மட்டும் உயர்கிறது. ஸ்டீரிங் கோணம் ஏறத்தாழ 0.8 முதல் 1 டிகிரி வரை சாய்கிறது. பெடல் அச்சு 6 அல்லது 7 மி.மீ. மேலேறுகிறது, நின்று ஓட்டும்போது கைப்பிடிக்கும் பெடலுக்கும் இடையில் உள்ள கிடைத்தூரம் 8 முதல் 10 மி.மீ. குறைகிறது, இருக்கையும் பின்னோக்கிச் சாய்ந்து ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது. 10 மி.மீ. கூட்டுவதைப் பல ஃபிரேம்கள் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போகும்போது ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் விழும் நெம்புவிசையும் கூடுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்ச வரம்பைத் தாண்டினால் உத்தரவாதம் போய்விடும் என்பது மட்டுமன்று, வெல்டிங்கில் விரிசல் விழுவதற்கும் வழி உண்டு.

டூயல் கிரௌன் ஃபோர்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபாக்ஸ் 40, ராக்ஷாக்ஸ் பாக்ஸர் போன்றவற்றில் இரு குழாய்களும் ஃபிரேமின் கழுத்துக் குழாயான ஹெட் டியூபுக்கு மேலும் கீழும் இரண்டு இடங்களில் கவ்வப்பட்டிருப்பதால் விறைப்பு மிக அதிகம். அதே காரணத்தால் அவை எல்லா ஃபிரேமுக்கும் ஏற்றவை அல்ல. ஹெட் டியூபின் நீளம் பொருந்த வேண்டும். கைப்பிடியைத் திருப்பும்போது குழாய்கள் ஃபிரேமில் இடிக்காமலிருக்க ரப்பர் தடுப்பு வேண்டும். தயாரிப்பாளர் அனுமதித்திருக்கவும் வேண்டும். ஹேண்டில்பாரை முழுச் சுற்றுச் சுழற்றும் வித்தைகளுக்கு டூயல் கிரௌன் வழிவிடாது. 2020-இல் அறிமுகமான ஃபாக்ஸ் 38, ராக்ஷாக்ஸ் ஸெப் ஆகிய சிங்கிள் கிரௌன் ஃபோர்க்குகள் 38 மி.மீ. குழாய்களோடு வந்த பிறகு, 180 மி.மீ. வரை டூயல் கிரௌனுக்காக ஏங்கக் காரணம் குறைந்துவிட்டது.

பின்பக்கத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஷாக்கின் தண்டு நகரும் தூரமும் சக்கரம் நகரும் தூரமும் ஒன்றல்ல. 75 மி.மீ. நகரும் ஷாக் 200 மி.மீ. டிராவலைத் தருகிறதென்றால், இணைப்புக் கைகள் சராசரியாக 2.67 மடங்கு பெருக்குகின்றன. இதைத் தெரிந்துகொண்ட சிலர், ஐந்து மில்லிமீட்டர் நீண்ட தண்டுள்ள ஷாக்கை வாங்கிப் பூட்டி 13 மி.மீ. டிராவலை இலவசமாகப் பெற்றுவிட்டதாக மகிழ்கிறார்கள். முழு அமுக்கத்தில் பின் டயர் இருக்கைக் குழாயில் உரசுகிறதா, இணைப்புக் கை ஃபிரேமில் இடிக்கிறதா என்று, ஷாக்கின் காற்றையோ ஸ்பிரிங்கையோ நீக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலே தள்ளிப் பார்த்துவிட்டல்லவா மகிழ வேண்டும்? பெரிய தாவலின் முடிவில் டயர் ஃபிரேமில் ஒட்டி நின்றால் அதன் விளைவை விவரிக்கத் தேவையில்லை.

முன்பக்க எண்ணையும் பின்பக்க எண்ணையும் நேரடியாக ஒப்பிடுவதும் சரியன்று. ஃபோர்க் செங்குத்தாக அமுங்குவதில்லை. தன் சாய்வின் வழியே அமுங்குகிறது. 63 டிகிரி கோணத்தில் நிற்கும் 200 மி.மீ. ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது சக்கரம் மேல்நோக்கி நகர்வது சுமார் 178 மி.மீ. மட்டுமே, கூடவே அது பின்னோக்கியும் நகர்கிறது. ஆகவே முன்னே 180, பின்னே 170 என்றிருக்கும் சைக்கிளைக் கண்டு பின்பக்கத்தில் சிக்கனம் பிடித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. அதே நேரத்தில் பின்னே 150 இருக்கும் சைக்கிளில் முன்னே 190 பூட்டினால், முன்சக்கரம் அநாயாசமாகக் கடந்த கல்லில் பின்சக்கரம் உதைபட்டு ஓட்டுபவரை முன்னோக்கித் தள்ளும்.

உடல் எடை கூடுதல் என்பதால் நீண்ட டிராவல் வாங்குவதையும் காண்கிறோம். எடைக்கு விடை டிராவல் அன்று, ஸ்பிரிங். 95 கிலோ எடையுள்ளவரும் 60 கிலோ எடையுள்ளவரும் ஒரே 170 மி.மீ. சைக்கிளை ஓட்டலாம், காற்றழுத்தமோ சுருள் ஸ்பிரிங்கின் கடினமோதான் மாறும். உயரம் குறைந்தவர்களுக்கோ வேறொரு சிக்கல் உண்டு. 29 அங்குலப் பின்சக்கரம் 200 மி.மீ. மேலேறும்போது, செங்குத்துச் சரிவில் பின்னால் தாழ்ந்து நிற்பவரின் பின்புறத்தில் டயர் உரசுகிறது. முன்னே 29, பின்னே 27.5 என்ற கலப்பு அமைப்பைப் பந்தயங்களில் உலகச் சைக்கிள் பந்தய அமைப்பான யு.சி.ஐ. 2019-இல் அனுமதித்த பிறகு, இதற்கு எளிய தீர்வு கிடைத்துவிட்டது.

வாங்கிய டிராவலைப் பயன்படுத்தாமலே விடுவது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. அது மிகப் பரவலானதும்கூட. ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, பழகிய பாதையில் இறங்கி வந்து பார்க்க வேண்டும். மிகக் கடினமான அடியில் ஓரிரு முறை முழு டிராவலும் செலவானால் அமைப்பு சரி. எத்தனை முறை இறங்கினாலும் 40 மி.மீ. தொடப்படாமலே இருந்தால், ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது, அல்லது அந்தப் பாதைக்கு அந்த டிராவல் தேவையில்லை. சாதாரணப் பள்ளத்திலேயே முட்டி நின்றால் உடனே நீளமான ஃபோர்க்கைத் தேடக் கூடாது. முதலில் அமிழ்வை அளக்க வேண்டும், பிறகு காற்றறைக்குள் போடும் பிளாஸ்டிக் கட்டைகளில் ஒன்றைக் கூட்டி, இறுதிப் பகுதியின் எதிர்ப்பை உயர்த்திப் பார்க்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்குக்கு இந்த வசதி இல்லை. அதன் எதிர்ப்பு பொதுவாக ஒரே சீராகத்தான் ஏறும் என்பதால், முடிவில் இறுகும் தன்மை ஃபிரேமின் இணைப்புக் கைகளிலிருந்து வர வேண்டும். அப்படி இறுகாத ஃபிரேமில் சுருள் ஷாக்கைப் பூட்டுபவருக்கு 180 மி.மீ.யும் போதாததுபோல் தோன்றும்.

170-ஆ 180-ஆ என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர், இரண்டையும் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதித்தந்திருக்கும் ஃபிரேமைத் தேர்ந்துகொண்டு 170-இல் தொடங்கலாம். ஸெப், 38 போன்ற ஃபோர்க்குகளில் உள்ளிருக்கும் காற்றுத் தண்டை மட்டும் மாற்றினால் டிராவல் மாறிவிடும். புது ஃபோர்க் வேண்டாம். அதை ஆயில் மாற்றும் பராமரிப்போடு சேர்த்துச் செய்துகொண்டால் கூலியும் மிச்சம்.