முதல் வாட்டர் கூலிங்: மோட்டார் ஓடியது, தண்ணீர் ஓடவில்லை

வியாசர்பாடி, மே மாதம், அறைக்குள்ளேயே 36 டிகிரி. கம்ப்யூட்டரின் ஐ7-8700கே சிப்பை (பிராசஸர்) 4.8 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்ட, பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சிப்பைக் குளிர்விக்கும் வாட்டர் கூலிங்கை முதன்முதலாக மாட்டினேன். கேம் திறந்து மூன்றே நிமிடம், சிப்பின் வெப்பம் 100 டிகிரி. சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மூன்று முறை துடைத்துப் பூசினேன். வோல்டேஜைக் குறைத்தேன். ரேடியேட்டர் ஃபேனைத் திருப்பி மாட்டினேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம். பம்ப்பைச் சந்தேகிக்கவே இல்லை. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) அதன் வேகம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே காட்டியது.

ஏமாந்தது அங்கேதான். தண்ணீரைத் தள்ளும் சுமை இல்லாததால்தான் அது அவ்வளவு வேகமாகச் சுற்றியது. இன்னொன்று: சிப் மேல் உட்காரும் உலோக பிளாக்கிலிருந்து வரும் குழாய் சுட்டது, உள்ளே போகும் குழாய் சூடே இல்லாமல் இருந்தது. குளிர்விக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் ஒழுங்காகச் சுற்றினால் இரண்டுக்கும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும்.

கீழ்வீட்டு பிளம்பர் அண்ணன் சத்தத்தைக் கேட்டதுமே சொன்னார்: "தம்பி, மோட்டார் ஏர் எடுத்திருக்கு."

பார்த்தால், தண்ணீர் டப்பா பம்ப்புக்குக் கீழே இருந்தது. இந்த வகை பம்ப் கீழேயிருந்து தண்ணீரைத் தானாக உறிஞ்சி எடுக்காது. மேலேயிருந்து தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும். டப்பாவை மேலே மாற்றினேன். பம்ப்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, கேபினட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். குமிழி கொப்பளித்து வெளியேறியது. மட்டம் இறங்கிய அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன் (எங்கள் பகுதி போர் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது). அப்புறம் இணைப்புகளுக்கடியில் டிஷ்யூ விரித்து இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு சொட்டு கசியவில்லை.

இப்போது அதே கேமில் 78 டிகிரி.