பரணில் கிடைத்த ராணுவக் கைத்துப்பாக்கி: அடையாளம் காண்பதும் விலை பார்ப்பதும்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் பெரியப்பா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தது. "தாத்தா இந்தோசீனாவுல சண்டை போட்ட துப்பாக்கிடா" என்றார் பெரியம்மா. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர். நாங்களும் நம்பினோம்.

முதல் வேலை, உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. விசையையும் சுத்தியலையும் தொடக்கூடாது. வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய வகை என்றால், முகமும் கையும் வாய்க்கு நேரே வராமல் ஒதுங்கி நின்று, மெல்லிய மூங்கில் குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விடுங்கள். வாயோடு சேரும் இடத்தில் பென்சில் கோடு. பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலை ஒட்டி வைத்துப் பார்த்தால், அதன் முனை பின்னால் நெருப்புப் போகும் துளை வரை எட்ட வேண்டும். இரண்டு விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. கரிமருந்துக்கு வயசாவதில்லை, காய்ந்திருந்தால் இன்றும் பிடிக்கும். தோண்டாமல் போலீசைக் கூப்பிடுங்கள். தோட்டா போடும் ரிவால்வர் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், நேராக போலீஸ்தான்.

அடுத்து, தேய்க்காதீர்கள். நான் கைப்பிடி அடியிலிருந்த பித்தளை மூடியைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்ன வைத்தேன். பழம்பொருள் தெரிந்த நண்பர் பார்த்துவிட்டு, "பாதி விலையைத் தேய்ச்சுட்டியே" என்றார். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று பயமாக இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும்.

இப்போது எழுத்து. போனில் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குச் சரிவரவில்லை. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் சொருகும் லென்ஸ், பக்கவாட்டில் பிடித்த டார்ச், கொஞ்சம் முகப்பவுடர். பவுடரை விரலால் தடவினால் பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக எழும்பும்.

குழலின் பின்வாலில் 'எம்.எல்.இ 1822 டி பிஸ்' என்று வந்தது. நான் விழுந்த பள்ளம் இதுதான். டிபிஸ் என்பவர் 1822இல் செய்த துப்பாக்கி என்று நினைத்து, அந்தப் பெயரில் ஒரு கம்பெனியை இரண்டு வாரம் தேடினேன். அப்படி யாரும் இல்லை. முதல் மூன்று எழுத்து 'மாடல்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். 1822 அந்த மாடலின் வருடம், நம் துப்பாக்கி பிறந்த வருடம் அல்ல. 'டி' என்றால் சிக்கிமுக்கிக் கல்லில் சுட்டதைக் கேப் (சுத்தியல் அடித்தால் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) வைத்துச் சுடும்படி மாற்றியது. 'பிஸ்' என்றால் மறுமுறை: 1860இல் குண்டு சுழன்று போகும்படி குழலுக்குள் வரி வெட்டியது.

பூட்டுத் தகட்டில், அதாவது சுத்தியல் பொருத்திய பக்கத் தகட்டில், பிரெஞ்சு ஆயுதத் தொழிற்சாலை இருந்த முட்சிக் என்ற ஊர்ப் பெயர், அதோடு 'ராயல்' என்பதன் சுருக்கம். அரசர் காலம் என்றால் 1848க்கு முன். 'இம்பீரியல்' என்றிருந்தால் இரண்டு நெப்போலியன்களில் ஒருவர் காலம், 'நேஷனல்' என்றிருந்தால் குடியரசு. கடலூர்ப் பக்கத்து வீடுகளில் கிடைப்பது கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்காகவும் இருக்கலாம். அதில் இதய வடிவ முத்திரையோ, பிற்பாடு வந்த கிரீடம் ஏந்திய சிங்கமோ பாருங்கள்.

ஆக, கேப் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தாத்தா இந்தோசீனாவில் சண்டை போட்டிருக்க முடியாது. அவர் காலத்துக்கு அதுவே பழம்பொருள், எங்கோ ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். பெரியம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

விலைக்கு வருவோம். ஐரோப்பிய ஏல விலையைப் பார்த்து வீட்டுக் கடனை அடைக்கக் கணக்குப் போடாதீர்கள். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. இங்கே வாங்குபவர் பார்ப்பது, பாகங்கள் அந்தத் துப்பாக்கிக்கே உரியவையா, எழுத்து தேயாமல் இருக்கிறதா, யார் கையிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் உண்டா என்பதைத்தான். ஒரு கடைக்காரர் எடை போட்டு விலை சொன்னார், வந்துவிட்டேன்.

பின்சேர்க்கை: "பழசுக்கு லைசன்ஸ் வேண்டாமே?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாததற்குத்தான் விலக்குத் தருகிறது. 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள், துருப்பிடித்திருப்பது மட்டும் போதாது. அதை நாமாக முடிவு செய்யவும் கூடாது. நான் ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லி, அவர்கள் வந்து பார்த்தபின் ஒப்படைத்தேன். இப்போது என்னிடம் இருப்பது ஒரு ரசீதும், பவுடர் தடவி எடுத்த பதினொரு போட்டோவும்.