ஹைபிரிட் எஸ்யூவி வாங்குமுன்: என் பெட்ரோல் கணக்கு தப்பிய இடம்

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹைபிரிட் எஸ்யூவிக்கான கொட்டேஷன் தாளோடு வந்தார். பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி அது. "அண்ணா, மாசம் எட்டாயிரத்து எழுநூறு மிச்சமாம். கூடப் போடுற காசு அஞ்சு வருஷத்துக்குள்ள வந்துடும்னு சொல்றாங்க." தாளை வாங்கிப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024 தொடக்கத்தில் நான் தலையாட்டிய அதே கணக்கு. ஷோரூம்தான் வேறு.

"இதுக்கு சார்ஜ் போடணுமா?" போன்ற சந்தேகங்களை விட்டுவிடுகிறேன். டெலிவரி எடுப்பதற்குள் அவை தானாகத் தீர்ந்துவிடும். கைக்காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

'ஹைபிரிட்' என்ற பேட்ஜை மட்டும் நம்புவது

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் மைல்ட் ஹைபிரிட் உண்டு, ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் உண்டு. மைல்டில் இருக்கும் சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. தனியாக வண்டியை நகர்த்தாது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் எஞ்சின் அணைந்திருக்கும்போதே மோட்டார் வண்டியை இழுத்துச் செல்லும்.

சென்னைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் மே மாதம் கத்திப்பாரா நெரிசலில் புரியும். மைல்டில் எஞ்சின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும். உள்ளே சூடு ஏறியதும் எஞ்சின் மறுபடி எழும். ஸ்ட்ராங்கில் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் குறையாது. பேட்டரி இறங்கும்போதுதான் எஞ்சின் எழுந்து அதற்குச் சார்ஜ் ஏற்றும்.

சாதா வண்டிக்கு நெரிசல் மைலேஜ், ஹைபிரிட்டுக்குச் சோதனைக்கூட மைலேஜ்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வரும் தவறு இது.

எனக்குக் காட்டிய தாளில் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம், சாதா பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு 10, ஹைபிரிட்டுக்கு 24 என்று போட்டிருந்தது. பெட்ரோல் விலையை 100 ரூபாய் என்று வைத்தால் 150 லிட்டருக்குப் பதில் 62.5 லிட்டர். மாதம் 8,750 ரூபாய் மிச்சம். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் அந்த 10 சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் கிடைப்பது, 24 சோதனைக்கூடத்தில் கிடைப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எந்த ஹைபிரிட்டும் அள்ளிக்கொடுப்பது போலத்தான் தெரியும். இன்னோவா ஹைக்ராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட மைலேஜ் ஹைபிரிட்டுக்கு 23.24, சாதா பெட்ரோலுக்கு 16.13. சோதனை எண்ணைச் சோதனை எண்ணோடு வைத்தால் 1,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 19 லிட்டர்.

என் நிஜக் கணக்கு இது. என் வண்டி ஊருக்குள் 18 கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் 19. மூன்றாம் மாடித் தம்பியிடம் அதே அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. அது ஊருக்குள் 10, நெடுஞ்சாலையில் 15. ஆக, ஊருக்குள் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் எனக்கு 4,400 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் ஓட்டினால் 1,400 ரூபாய்தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துப் பேட்டரியில் சேர்ப்பதும், ஊர்ந்து போகும்போது எஞ்சினை அணைத்துவிடுவதும்தான் ஹைபிரிட்டின் பெரிய பலம். வேளச்சேரியில் பத்து அடிக்கு ஒரு பிரேக். திண்டிவனம் தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கைத் தொடுவதே அபூர்வம், பேட்டரிக்குச் சேர என்ன இருக்கிறது?

நான் எங்கே ஓட்டினேன்? மடிப்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தேன். வண்டி சனி, ஞாயிறு வெளியே எடுப்பதற்கும், அப்பாவைப் பார்க்க 600 கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிக்குப் போய்வருவதற்கும்தான். முதல் வருடம் ஓடியது 11,000 கிலோமீட்டர். அதில் 7,000 நெடுஞ்சாலை. மொத்த மிச்சம் 27,500 ரூபாய் சொச்சம். தாள் காட்டியதோ வருடத்துக்கு 1,05,000.

அந்த மிச்சத்துக்காகக் கூடுதலாக எவ்வளவு போட்டேன் என்பதிலும் தப்பு செய்தேன். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை, பெட்ரோலுக்கு 17 லட்சம், ஹைபிரிட்டுக்கு 20.5 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம் என்று மனதில் போட்டுக்கொண்டேன். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. பெட்ரோலுக்கு 3.06 லட்சம், ஹைபிரிட்டுக்கு 4.10 லட்சம். அங்கேயே வித்தியாசம் 4.54 லட்சமாகிவிட்டது. காப்பீட்டுப் பிரீமியம் கூடுவது தனி.

இந்தக் கூடுதல் தொகையும் கடன்தானே. 4.5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இஎம்ஐ 9,300 ரூபாய்க்கு மேல். மாதம் 2,300 ரூபாய் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வட்டியை விட்டுவிட்டாலும், என் ஓட்டத்துக்குப் போட்ட பணம் திரும்ப 16 வருடத்துக்கு மேலாகும்.

வண்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பல்லாவரம் ரேடியல் சாலை நெரிசலில் சத்தமே இல்லாமல் நகரும்போது மனசு நிறைகிறது. அந்தச் சுகத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் வருத்தமே இருந்திருக்காது. தினமும் 40, 50 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு மிச்சமும் கணிசமாக வரும்.

மூன்றாம் மாடித் தம்பியிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். இப்போதிருக்கும் வண்டியில் இரண்டு மாதம் ஓடோமீட்டரை எழுதி வையுங்கள். டோல்கேட் தாண்டிய தூரம் ஒரு பக்கம், தாண்டாதது மறுபக்கம். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது, ஆனாலும் எழுதுகிறேன் என்றார்.

வேரியன்ட் மாறியதைக் கவனிக்காமல் விடுவது

ஸ்ட்ராங் ஹைபிரிட் பெரும்பாலும் மேல் வேரியன்ட்களில்தான் வரும். அதை அடிப்படை மாடலோடு ஒப்பிட்டால் சன்ரூஃபின் விலையும் ஹைபிரிட் கணக்கில் ஏறிவிடும். ஆட்டோமேட்டிக்கை ஆட்டோமேட்டிக்கோடு, வசதியை வசதியோடு வைத்துப் பாருங்கள்.

பழைய வரிக் கணக்கு

2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 50 சதவீதம், ஹைபிரிட்டுக்கு 43. இப்போது இரண்டுக்கும் 40. அந்தத் தேதிக்கு முந்தைய ஒப்பீட்டு வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள்.

பச்சை நம்பர் பிளேட்டை எதிர்பார்ப்பது

கிடைக்காது. அது முழு மின்சார வண்டிக்கு.

டிக்கியைத் திறந்து பார்க்காமல் வருவது

பேட்டரி எங்கேயாவது உட்கார வேண்டுமே. கிராண்ட் விட்டாரா மைல்டில் டிக்கி 373 லிட்டர், ஸ்ட்ராங்கில் 265. ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் பெட்டிகளை ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். போகும்போது இரண்டு பெட்டி, திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் என்கிற குடும்பங்களுக்கு இந்த நூறு லிட்டர் பெரிய விஷயம்.

காலை ஏழு மணிக்கு டெஸ்ட் டிரைவ்

வேண்டாம். மாலை ஆறரை மணி, முழு ஏசி, மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்.

பெரிய பேட்டரிக்குப் பயந்து சின்னதை மறப்பது

எல்லோரும் கேட்பது ஹைபிரிட் பேட்டரி போனால் என்ன செலவு என்றுதான். டொயோட்டாவும் மாருதியும் அதற்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. என்னை நடுத்தெருவில் நிறுத்தியது சாதாரண 12 வோல்ட் பேட்டரி. மூன்று வாரம் எடுக்காமல் விட்டிருந்தேன். அது இறங்கிப்போனதால் வண்டி 'ரெடி' நிலைக்கே வரவில்லை, கிளம்பவே முடியவில்லை. திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டிய விடியற்காலை அது. அப்பாவுக்கு மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் அன்றைக்கு மதியம். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறையாவது எடுத்து அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்.

மழைக்காலத்தை மறந்து காப்பீடு எடுப்பது

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பகுதிக்கும் அந்தப் பயம் உண்டு. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்தால் ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று பிரீமியம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே வேண்டாம், நேராக டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.