அம்மா போனில் கரைந்த காசு

கடலூர் முதுநகரில் அம்மா தனியாக இருக்கிறார். பேசுவதற்கென்று போட்டுவைக்கும் டாப்-அப் காசு அவர் போனில் நிற்கவே இல்லை. முதலில் டேட்டாவைத்தான் சந்தேகப்பட்டேன். அதை அணைத்துப் பார்த்தும் காசு கரைந்தது. அப்புறம் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் புரிந்தது: ராசிபலன், காலர் டியூன் என்று இரண்டு சேவைகள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டிருந்தன. அம்மா எதையும் கேட்கவே இல்லை. இரண்டு முறை சம்மதம் வாங்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. வயதானவர்களிடம் இப்படிப் பிடுங்குவது கொடுமை.

அம்மா போனிலிருந்தே 155223-ஐ அழைத்தேன், கட்டணமில்லா எண்தான். இரண்டையும் நிறுத்தினேன். வாடிக்கையாளர் சேவையிலும் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். நான்காம் நாள் பிடித்த காசு திரும்பி வந்தது.