"கீமோன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாத விஷயங்கள்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கீமோன்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ." வாந்திக்கும் இதே பதில், காய்ச்சலுக்கும் இதே பதில், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாலும் இதே பதில். ஆறுதலுக்காகச் சொல்வதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கீமோ காலத்தில் நடக்கும் மோசமான தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. தானாகச் சரியாகிவிடும் தொல்லை எது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் போட வேண்டிய தொல்லை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பயப்பட வேண்டாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்தை ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், நகம் கறுக்கும், சாப்பாடு ருசிக்காது. வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி போட்டபின் இடுப்பும் முதுகும் வலிக்கும். எலும்பு மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. எல்லாமே தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை.

இதயம் எங்கே வந்தது?

மார்பில் கட்டி, அதற்கு எதற்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் என்று பலர் கேட்பார்கள். சிலர் முதல் எக்கோவையே வீண் செலவு என்று தள்ளிப்போடப் பார்ப்பார்கள். காரணம் மருந்துகளில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பலருக்கும் முதல் நான்கு முறை ஏற்றுவது டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்ந்த ஜோடி. டாக்ஸோரூபிசின்தான் அந்தச் சிவப்பு மருந்து. அட்ரியாமைசின் என்றும் எழுதியிருப்பார்கள். இது இதயத் தசையையும் தொடுகிறது. அந்தத் தசையில் செத்த செல்லுக்குப் பதிலாகப் புதுச் செல் வருவது மிக அரிது. அதனால் பாதிப்பு மருந்தின் மொத்த அளவோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக ஒரு முறைக்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், நான்கு முறைக்கு 240. மொத்தம் 400-ஐத் தொடும்போது நூறில் சுமார் 5 பேருக்கும், 550-ஐத் தொடும்போது சுமார் 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாக 2003-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு சொன்னது. 450 முதல் 550 வரை என்று வாழ்நாள் உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு தவறு சத்தமில்லாமல் நடக்கும்: பழைய ஃபைலைத் தொலைத்துவிடுவது. அந்த உச்சவரம்பு ஒரு சிகிச்சைக்கானது இல்லை, வாழ்நாள் முழுவதற்கும் உரியது. பத்து வருஷத்துக்கு முன்னால் வேறு புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர், "ஏதோ சிவப்பு மருந்து போட்டாங்க" என்று மட்டும் சொன்னால் டாக்டரால் கணக்குப் போட முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் கட்டிக்கு, அதாவது ஹெர்-2 பாசிட்டிவ் கட்டிக்குத் தரும் டிராஸ்டுசுமாப், அதாவது ஹெர்செப்டின் வகை ஊசி, வேறு ரகம். இதன் பாதிப்பு மொத்த அளவைப் பொறுத்தது அல்ல. நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் சிவப்பு மருந்தையும் இதையும் ஒன்றாகக் கொடுத்தால் கதை மாறும். 2001-இல் வெளியான முக்கியமான ஆய்வில் அப்படிச் சேர்த்து வாங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயக் கோளாறு தெரிந்தது. அதனால்தான் இப்போது பொதுவாக ஒன்று முடிந்தபின் மற்றொன்றைத் தொடங்குகிறார்கள். "ஏன் இழுத்தடிக்கிறாங்க, ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் முடியுமே" என்று டாக்டரை அவசரப்படுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்கோவில் செய்யும் தப்புகள்

எக்கோ ரிப்போர்ட்டில் எல்லாரும் தேடுவது ஈஎஃப் என்ற எண்ணை. நம் ஊரில் "பம்பிங்" என்பார்கள். 60 என்று பார்த்ததும் முகம் வாடிவிடும், ஏதோ பரீட்சையில் நூற்றுக்கு அறுபது வாங்கியதுபோல. ஈஎஃப்பில் யாரும் நூறு வாங்குவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அது. 55-லிருந்து 70 வரை இருந்தாலே நல்ல இதயம். அந்த ஒற்றை எண்ணைவிட, முதல் எக்கோவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் டாக்டருக்கு முக்கியம். 10 புள்ளி இறங்கி 50-க்குக் கீழே போனால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அதைப் பாதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். முதல் எக்கோவைத் தவிர்த்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருக்காது.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் எக்கோ எடுப்பது இன்னொரு தப்பு. இந்த மாதம் வீட்டுக்குப் பக்கத்தில், அடுத்த முறை சலுகை கிடைக்கும் ஸ்கேன் சென்டரில் என்று மாறினால் எண்களை ஒப்பிடவே முடியாது. சாதாரண எக்கோவில், பார்ப்பவரையும் மெஷினையும் பொறுத்து 10 புள்ளி வரை கூடக் குறையலாம். ஓரிடத்தில் 63, இன்னோரிடத்தில் 54 என்றால் இதயம் இளைத்ததா, பார்த்தவர் மாறினாரா? இந்தக் குழப்பத்தில் தேவையில்லாமல் ஊசி நின்றுபோகலாம், அல்லது உண்மையான இறக்கத்தை யாரும் நம்பாமல் போகலாம். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே விதமாக எடுங்கள். இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்ட்ரெயின் அளவும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தசை சுருங்கும் விதத்தை அளக்கும் அந்த எண், பம்பிங் குறைவதற்கு முன்பே எச்சரிக்கை தரும். முதலில் இருந்ததில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கவனிப்பார்கள்.

"ஈசிஜி நார்மல், அப்புறம் எக்கோ எதுக்கு?" என்ற கேள்வியும் வரும். ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். தசை எவ்வளவு வலுவாக அழுத்துகிறது என்பதை அதில் அளக்க முடியாது. இரண்டும் தேவை, ஒன்றுக்கு மற்றொன்று மாற்று இல்லை.

எக்கோவைப் பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். டிரிப்ஸ் நின்று, முடி முளைக்க ஆரம்பித்ததும் மனசு "முடிஞ்சது" என்று சொல்லிவிடும். ஆனால் ஹெர்செப்டின் ஒரு வருடம் போகும். அதுவரை சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ உண்டு. சிவப்பு மருந்து வாங்கியவர்களுக்கு ஆபத்து அதன் பிறகும் நீளும். இத்தாலியில் 2625 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 9 சதவீதம் பேருக்கு இதய பாதிப்பு வந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லாமே கீமோ முடிந்த முதல் வருடத்துக்குள் தெரிந்தன. அதாவது நாம் டாக்டரைப் பார்ப்பதைக் குறைக்கும் அதே காலத்தில்.

பம்பிங் குறைந்தால்?

இரண்டு விதமாகத் தவறு நடக்கும். ஒன்று, பயந்துபோய் ஹெர்செப்டினை ஒரேயடியாக விட்டுவிடுவது. பொதுவான நடைமுறை, குறைந்தது நான்கு வாரம் நிறுத்திவைத்து, மறுபடி எக்கோ எடுத்து, தேறியிருந்தால் தொடர்வதுதான். கட்டியைத் தடுக்கும் மருந்தைக் கைவிடும் முடிவை புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் பேசித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது எனக்கு இதைவிட வருத்தம் தருவது. எனலாப்ரில், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளை எழுதிக் கொடுத்ததும் மருந்துக்கடையில் "இது பிரஷர் மாத்திரை" என்பார்கள். வீட்டில் பி.பி. பார்த்தால் நார்மல். "எனக்குப் பிரஷரே இல்லையே" என்று டப்பா அப்படியே அலமாரிக்குப் போய்விடும். அந்த மாத்திரை பிரஷருக்காகக் கொடுத்ததே இல்லை. தளர்ந்த தசையின் சுமையைக் குறைத்து அது தேறுவதற்காகக் கொடுத்தது. இதில் நேரம்தான் எல்லாம். சிவப்பு மருந்தால் பம்பிங் குறைந்தவர்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதத்துக்குள் இந்த மாத்திரைகளைத் தொடங்கியவர்களில் 64 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினார்கள். ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவர்களில் முழுமையாகத் தேறியவர் ஒருவரும் இல்லை.

அசதியா, இதயமா?

கீமோ அசதி பெரும்பாலும் மருந்து ஏற்றிய முதல் சில நாளில் ஆளை அடித்துப்போட்டு, அடுத்த முறை வருவதற்குள் ஓரளவு தெளியும். இதயத்தின் தளர்ச்சி அப்படித் தெளிவதில்லை, நாளுக்கு நாள் கூடும். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, நடுராத்திரி இருமிக்கொண்டு எழுந்து உட்காருகிறார், கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டுகிறது, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. இதில் எது இருந்தாலும் அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்கக் கூடாது. கால் வீக்கத்துக்கு டோசெடாக்செல் என்ற கீமோ மருந்தும் காரணமாக இருக்கலாம், மூச்சு வாங்குவதற்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம். அதைப் பரிசோதனை சொல்லட்டும், வீட்டில் நாமே தீர்மானிக்க வேண்டாம். தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறித்தால் பாதி வேலை முடிந்தது.

திடீரென்று மூச்சுத் திணறல், கூடவே ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றால் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம். யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டிலேயே கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவருக்கு நெஞ்சு வலி வந்தால், அது இதய ரத்தக் குழாயின் இறுக்கமாக இருக்கலாம். "கேஸ்" என்று ஓமத் தண்ணீர் குடிக்காமல் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதயம் தவிர்த்து

காய்ச்சலில்தான் உயிருக்கே ஆபத்தான தப்பு நடக்கிறது. கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி என்பது சாதாரணக் காய்ச்சல் இல்லை. டோலோ போட்டால் சூடு குறையும், கிருமி குறையாது, தெர்மாமீட்டர்தான் ஏமாறும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்பதும் வேண்டாம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவதுதான் இலக்கு. பெரிய மருத்துவமனை தூரத்தில் என்றால், ராத்திரியில் எங்கே போவது என்பதை முதல் கீமோ அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு போடுவது வழக்கம். சிவப்பு மருந்து கடுமையாகக் குமட்டும் ரகம். குமட்டல் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைகூட வரும். சீட்டில் எழுதிய நாட்களுக்கு, வாந்தி இல்லாவிட்டாலும் போட வேண்டும். ஆன்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதும் தெரிந்திருக்கட்டும். இதிலும் இதயம் வந்து நிற்கிறது: அது இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டக்கூடியது. சளிக்கு மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கும் அசித்ரோமைசினும் அதையே செய்யும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். அதனால் கீமோ காலத்தில் எந்த மாத்திரையையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

சுகர் இருப்பவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். பயந்து அதை நிறுத்திவிடுகிறார்கள். டோசெடாக்செலுக்கு முதல் நாளே தொடங்கும் அந்த மாத்திரைதான் ஒவ்வாமையையும் நீர் கோப்பதையும் தடுக்கிறது. மாற்ற வேண்டியது சுகர் மருந்தின் அளவை, அதுவும் டாக்டர் சொல்லி. தண்ணீர் விஷயமும் இப்படித்தான். சைக்ளோஃபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையை எரிக்காமல் இருக்க நிறையக் குடிக்கச் சொல்வார்கள். பம்பிங் குறைந்தவருக்கு அதே அளவு கெடுதல், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தில் விரல் மரத்துப்போவதை "இன்னும் ரெண்டு டோஸ்தானே" என்று மறைக்காதீர்கள். பட்டன் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும்; அளவைக் குறைக்க வழி இருக்கிறது, தாமதித்தால் மரப்பு நிரந்தரமாகத் தங்கலாம். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தால் நர்ஸை அந்த நிமிடமே கூப்பிடுங்கள். சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும்.

பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, ஊரில் யாரோ கொடுத்த லேகியம். இவற்றைச் சாப்பிடுவதைவிடச் சாப்பிட்டதை மறைப்பதுதான் பெரிய தப்பு என்பேன். டாக்ஸோரூபிசினையும் பாக்லிடாக்செலையும் கழித்து வெளியேற்றுவது கல்லீரல்தான். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தால், ஏன் ஏறின என்று தெரியாமல் கீமோ தள்ளிப்போகும், டாக்டர் குழம்புவார். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

இடது மார்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை இருந்தால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் முறை அங்கே உண்டா என்று, அளவெடுக்கும் சிடி ஸ்கேனுக்கு முன்பே கேளுங்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகுவதால் அதன்மேல் படும் கதிர் குறையும். ஸ்கேன் முடிந்து திட்டம் போட்டபின் கேட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்து வேறு ஏதாவது ஆபரேஷனுக்கோ பிரசவத்துக்கோ போகும்போது, "முன்னாடி கேன்சர் இருந்தது, சரியாயிடுச்சு" என்பதோடு நிறுத்தாமல், சிவப்பு மருந்து வாங்கிய கணக்கையும் கடைசி எக்கோவையும் மயக்க மருந்து டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் காட்டுங்கள்.